மூன்றாம் சரணம்

(பௌர்ணமி உபோசத நாளில் பெங்களூரில் ஆற்றிய அறவுரை)



"தந்தைக்குக் கருமாதி செய்யலாகாது என்றால், மகனாகப் பிறந்தவன் வேறு என்னதான் செய்வது?" என்று நம் சங்கத்து இளைஞர் ஒருவர் இவ்வாரம் எம்மைக் கேட்டார். அவர் வாதத்திற்காகக் கேட்கவில்லை. அவருடைய தந்தையார் மறைந்து இன்றோடு 9 நாட்களே ஆகின்றன. இன்னும் 7 நாளில் பதினாறாம் நாள் வந்துவிடும். புரோகிதருக்கும் பந்தலுக்கும் முன்பணம் கொடு என்று உறவின்முறையார் நெருக்குகின்றனர். கையில் பணமில்லை என்றதற்குத் தாய்மாமன், வட்டிக்கு வாங்கித் தருகிறேன், மெல்ல அடைத்துக்கொள்ளலாம் என்கிறார். "பெற்ற கடனைத் தீர்க்காதவன் பிள்ளையா?" என்று ஊரார் நடுவே கேட்டும் விட்டார். பிள்ளையோ தந்தையோடு ஒரே நாளில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றவர். எப்பக்கம் திரும்பினாலும் ஒருவர்க்குத் துரோகம் செய்வதாகவே அவருக்குத் தோன்றுகிறது. இக்கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லி அனுப்புவது முறையன்று என்று கருதியே இன்றைய அறவுரைக்கு இதனை எடுத்துக்கொண்டோம்.

தந்தையார் 22 ஆண்டுகள் கருங்கல் அறுத்து மெருகிடும் தொழில் செய்தவர். கல் அறுக்கும்போது எழுகின்ற துகள்களில் கண்ணுக்குத் தெரிபவை அத்துணைத் தீமையுடையன அல்ல. தெரியாத நுண்துகளே மூச்சோடு சென்று நுரையீரலின் அடியில் தங்கி, நாளடைவில் அதனைத் தழும்பாக்கி இறுக்கிவிடுகிறது. இதனைச் சிலிக்கோசிஸ் என்கின்றனர் மருத்துவர். அவ்வாறு இறுகிய நுரையீரலை மீண்டும் பழைய நிலைக்குக் கொணரும் மருந்து இன்றளவும் இல்லை. அந்நோயுடையார்க்குக் காசநோயும் எளிதில் பற்றும். இவர்க்கும் பற்றியது. 14 மாதம் மகனே அருகிருந்து பேணினார்.

முதலில் அழுகையைப் பற்றி ஒரு வார்த்தை. துக்கம் விசாரிக்கச் சென்ற நம் உபாசகர்களுள் சிலர், "எல்லாம் அநித்தியம், பௌத்தன் அழலாமா?" என்று அவ்விளைஞரிடம் கூறினராம். கற்றதைக் காட்டுவதற்கு இழவு வீடுதானா இடம்? குசிநகரத்தில் ததாகதர் பரிநிர்வாணம் அடையவிருந்த வேளையில் ஆனந்தர் எங்கே இருந்தார் என்பதை மகாபரிநிப்பாண சூத்திரம் மறைக்காமல் சொல்கிறது. அவர் உள்ளே சென்று கதவுநிலையைப் பற்றிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். 25 ஆண்டு உடனிருந்து தொண்டாற்றியவர், அறத்தை எல்லாரினும் மிகுதியாகக் கேட்டவர், அவரே அழுதார். பகவன் அவரை அழைத்து வரச் செய்தார். துயருற வேண்டாம், இனியவை யாவும் ஒருநாள் பிரிவன என்று முன்பே சொல்லியிருக்கிறோமே என்று தேற்றியது உண்மைதான். ஆனால் அத்தோடு அவர் நிறுத்தவில்லை. நெடுங்காலம் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் அன்போடு பணி செய்தாய் என்று ஆனந்தரிடமே கூறி, பின்பு பிக்குகள் அனைவரின் முன்னும் அவரைப் புகழ்ந்தார். அழுபவனுக்கு அநித்தியத்தை மட்டும் சொல்லி, அவன் செய்த பணியைச் சொல்லாமல் விடுவது பாதி உபதேசமே. அந்தப் பாதியை மட்டும் கையில் ஏந்திச் செல்வோர் நம்மிடையே பலர்.

கிசாகோதமியின் கதையும் இப்படியே பாதியாகச் சொல்லப்படுவதுண்டு. இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டலைந்தாள் அவள். சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு கொண்டுவா என்றார் பகவன். அப்படியொரு வீடு இல்லையென்று கண்டு தெளிந்தாள். இது சிறு பிள்ளைகளும் அறிந்தது. யாம் கேட்பது வேறு. சாவு எல்லார்க்கும் பொது என்பதை ஒரு சொல்லில் சொல்லிவிடலாமே, அதற்கு அவளை வீடு வீடாக ஏன் அனுப்ப வேண்டும்? அதுவரை ஊரார் அவளைப் பித்தி என்று விலக்கி வைத்திருந்தனர். கடுகு கேட்டுச் சென்றபோதோ ஒவ்வொரு வாயிலிலும் ஒருவர் வெளியே வந்து, தம் வீட்டில் மறைந்தோரைப் பற்றி அவளிடம் பேசினர். காலையில் தனியாகப் புறப்பட்டவள் மாலையில் ஊரார் அனைவரின் துயரையும் அறிந்தவளாகத் திரும்பினாள். பின்னர் அவள் பிக்குணிச் சங்கத்தில் சேர்ந்து, முரட்டுத் துவராடை அணிவோருள் தலைசிறந்தவள் என்று ததாகதராலேயே சொல்லப்பெற்றாள். கடுகு கிடைக்கவில்லை, சங்கம் கிடைத்தது.

இனிக் கடனுக்கு வருவோம். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தம்மம் ஏற்றபோது மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளுள் சிராத்தம் செய்வதில்லை, பிண்டம் இடுவதில்லை என்பதும் ஒன்று. ஏன்? பிண்டத்தின் பெயரால் ஏழையின் கைப்பொருள் போகிறது என்பது ஒரு காரணம். அதனினும் பெரியது, இறந்த தந்தையின் நற்கதி வேறொருவன் ஓதும் மந்திரத்தில் அடங்கியிருக்கிறது என்று நம்பும் மகன், அந்த ஒருவன் முன் என்றும் தலை தாழ்ந்தே நிற்க வேண்டும் என்பது. தாழ்த்தப்பட்டோர்க்கு இது புதிய செய்தியன்று. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர் தம் வாழ்நாள் முழுதும் இந்தத் தலைதாழ்வை எதிர்த்தே எழுதினார். அவர் சித்த மருத்துவர் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். நோயாளியின் நாடியைப் பற்றிய அதே கை 'தமிழன்' இதழையும் எழுதியது.

சரி, பிண்டம் வேண்டாம். அவ்விடத்தில் வைக்க நம்மிடம் என்ன உண்டு? வேண்டாம் என்று சொல்லி வெறும் கையோடு மகனை அனுப்பினால் மாமன் வென்றுவிடுவார். வெல்லவும் வேண்டும்.

சிகாலோவாத சூத்திரத்தில் மக்கள் பெற்றோர்க்கு ஆற்ற வேண்டிய கடமைகள் ஐந்து கூறப்பட்டுள்ளன. நம்மைக் காத்தவரைக் காத்தல், அவர்தம் வேலைகளை ஏற்றுச் செய்தல், குலமரபைப் பேணுதல், அவர் விட்டுச் செல்வதற்குத் தகுதியுடையவனாக நடத்தல், மறைந்த பின் அவர் பொருட்டுத் தானம் செய்தல். இறந்த பின் என்று குறித்துச் சொன்னது ஐந்தில் ஒன்றே. அதுவும் தானம், கடன் வாங்கிப் போடும் விருந்து அன்று. தாயை ஒரு தோளிலும் தந்தையை மறு தோளிலும் நூறாண்டு சுமந்தாலும் அக்கடன் தீராதென்று பிறிதோரிடத்தில் பகவன் கூறுகிறார். நூறாண்டு சுமந்தும் தீராத கடனைப் பதினாறாம் நாள் எள்ளும் தண்ணீரும் தீர்த்துவிடும் என்பதை எப்படி ஒப்புவது? பெற்றோரை நம்பிக்கையிலும் ஒழுக்கத்திலும் ஈகையிலும் அறிவிலும் நிலைநிறுத்துபவனே கைம்மாறு செய்தவன் என்பது அவர் கருத்து. நம் இளைஞரோ தந்தையைக் கள்ளை விடச் செய்து, பஞ்சசீலம் ஏற்கச் செய்து, அவர் மூச்சு நிற்கும் வரை அருகிருந்தவர். யாரிடம் வந்து 'பிள்ளையா' என்று கேட்கிறார் அந்த மாமன்!

விநயபிடகத்தின் மகாவக்கத்தில் வரும் ஒரு நிகழ்ச்சியை இங்கே சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். யாம் இம்மேடைக்கு வந்ததற்கு அதுவே காரணம்.

பகவன் ஒருநாள் ஆனந்தருடன் பிக்குகளின் உறைவிடங்களைச் சுற்றிப் பார்த்து வந்தார். ஓர் அறையில் வயிற்றுக் கடுப்புற்ற பிக்கு ஒருவர் தம் மலமூத்திரத்திலேயே விழுந்து கிடந்தார். நோய் என்ன என்று பகவன் கேட்டார், சொன்னார். பேணுவார் உளரா என்று கேட்டார், இல்லை என்றார். ஏன் இல்லை என்றதற்கு, நான் அவர்களுக்கு ஒன்றும் செய்ததில்லை, ஆகையால் அவர்களும் எனக்குச் செய்வதில்லை என்று அப்பிக்கு விடையிறுத்தார். அன்பர்களே, அவ்விடையை எத்தனை மருத்துவமனைத் திண்ணைகளில் எத்தனை வாய்களிலிருந்து கேட்டிருக்கிறோம்! கொடுக்கல் வாங்கல் அற்றவனுக்கு உறவில்லை என்பது உலக வழக்கு. பகவன் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் நீர் வார்க்க ஆனந்தர் கழுவினார். பின் அவர் தலைப்பக்கம் பிடிக்க ஆனந்தர் கால்பக்கம் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். எல்லாம் முடிந்த பிறகே பிக்குகளைக் கூட்டினார். உங்களைப் பேணத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவார் என்று கேட்டு, எம்மைப் பேண விரும்புவோன் பிணியாளனைப் பேணுக என்னும் கருத்துப்பட உரைத்தார்.

அதன்மேல் ஒழுங்கும் வகுத்தார். ஆசான் மாணவனையும், மாணவன் ஆசானையும், உடன் உறைவோர் ஒருவரையொருவரும் பேண வேண்டும். ஒருவரும் இல்லாதவனைச் சங்கமே பேண வேண்டும், பேணாவிடில் குற்றம். சங்கம் சரணம் என்று நாம் நாள்தோறும் மும்முறை ஓதுகிறோமே, அச்சொல்லின் கீழே இவ்வளவு பாரம் இருக்கிறது. அங்கே சொல்லப்படுவது மார்க்கபலன் எய்திய அரிய சங்கம், நம்மைப் போன்ற இல்லறத்தார் கூட்டமன்று எனக் கற்றறிந்தோர் திருத்துவர். திருத்தம் சரியே. ஆயினும் அரிய சங்கத்தார் நம் தெருவில் இல்லை. நோயாளி நம் தெருவில் இருக்கிறார்.

அம்மகாவக்கத்திலேயே இன்னொரு விதியும் உண்டு. பிக்கு ஒருவர் மறைந்தால் அவருடைய ஓடும் துவராடையும், நோயில் அவரைப் பேணியவர்க்கு அளிக்கப்பட வேண்டும். பழைய தர்மசாஸ்திரங்களோ பிண்டமிடும் உரிமையையும் சொத்துரிமையையும் ஒன்றோடொன்று பிணைத்தன. சாவுக்குப் பின் சோற்றுருண்டை வைப்பவன் அங்கே வாரிசு. சாவுக்கு முன் எச்சிற்கலம் ஏந்தியவன் இங்கே வாரிசு. இரண்டு சமயங்களுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன; எமக்கு இது ஒன்றே போதுமாயிருந்தது.

நோயாளியைப் பேணுவோனுக்கு வேண்டிய தகுதிகள் ஐந்து என்றும் அங்கே காண்கிறோம். மருந்தை ஆயத்தம் செய்யத் தெரிய வேண்டும். ஆவது எது ஆகாதது எது என்றறிந்து ஆவதைக் கொணர்ந்து ஆகாததை அகற்ற வேண்டும். ஊதியம் கருதாமல் அன்பு கருதிச் செய்ய வேண்டும். மலம், மூத்திரம், வாந்தி, எச்சில் இவற்றை அகற்ற அருவருப்புக் கூடாது. அவ்வப்போது நல்லுரை கூறி நோயாளியின் மனத்தைத் தேற்ற வேண்டும். அறவுரை கடைசியில்தான் வருகிறது என்பதை எம்மைப் போன்ற பிரசாரகர்கள் கவனிக்க வேண்டும்! முதலில் வருவது மருந்து. காசநோயாளி இருக்கும் வீட்டில் இதன் பொருள் என்ன? சன்னலைத் திறந்து வைப்பது. துப்புவதற்கு மூடியுள்ள பாத்திரம் வைப்பது. விறகுப் புகையை அறையினுள் விடாதிருப்பது. மூச்சு வாங்கும்போது முதுகுக்குப் பின்னால் தலையணை அடுக்கிச் சாய்த்து உட்கார வைப்பது. உடம்பு தேறியதுபோல் தோன்றினாலும் மருத்துவர் சொன்ன காலம் வரை, சாதாரணமாக 6 மாதம், ஒரு நாளும் தவறாமல் மாத்திரை கொடுப்பது. இவற்றைச் செய்யும் கைகளே அறத்தைச் செய்யும் கைகள்.

எம்மைப் பற்றிக் கூறுவது அவசியமாயின் சுருங்கக் கூறுவோம். யாம் பருத்தியாலை ஒன்றில் கார்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி மார்பை எப்படி இறுக்கும், வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளன்று அவ்விறுக்கம் எப்படி மிகும் என்பதை நூலில் படித்து அறிய வேண்டிய நிலை எமக்கு இல்லை. 1997இல் எம் அன்னையார் கருப்பைப் புற்றுநோயால் படுக்கையில் விழுந்தார். எமக்கு இரவு ஷிப்டு. அதை விட்டால் அரிசிக்கு வழியில்லை. அப்போது தங்கவயலிலிருந்து வந்து இங்கே குடியேறியிருந்த முதிய பௌத்தர்கள் நால்வர் ஐவர், யாம் அழையாமலே, முறைவைத்து எம் வீட்டில் இரவு கண்விழித்தனர். கஞ்சியைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தனர். அவர்கள் வீட்டுப் பெண்மக்கள் அன்னையாரின் துணிகளைத் துவைத்தனர். ஒருவரும் எமக்குச் சமயம் போதிக்கவில்லை. அன்னையார் மறைந்து ஒரு மாதம் சென்ற பின், "இவ்வளவும் எதற்காகச் செய்தீர்கள் ஐயா?" என்று ஒரு பெரியவரை யாம் கேட்டோம். அவர் இந்த வயிற்றுக் கடுப்புப் பிக்குவின் கதையைச் சொன்னார். அதன் பின்னரே எழுத்துக்கூட்டி நூல்களைப் படிக்கத் தொடங்கினோம். மணிமேகலையை உரையின் துணையோடு முடிக்க எமக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

அந்நூலில் ஆபுத்திரன் வரலாறு வருகிறதல்லவா? பெற்ற தாய் இட்டுவிட்டுப் போனாள். ஏழு நாள் ஒரு பசு பாலூட்டியது. எடுத்து வளர்த்தவனும், வேள்விப் பசுவை விடுவித்த குற்றத்திற்காக அவனை வீட்டைவிட்டு விரட்டினான். தாயும் தந்தையும் ஊரும் இல்லாதவனாக மதுரைக்கு வந்து சேர்ந்தவன் செய்தது என்ன? கையோட்டில் பிச்சை ஏற்று, கண்ணில்லாதார், காது கேளாதார், கால் முடங்கினார், பேணுவாரற்றார், பிணியால் நடுங்குவார் எல்லாரையும் அழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, அவ்வோட்டையே தலைக்கு வைத்து உறங்கினான். அமுதசுரபி அவனுக்குப் பின்னர்தான் கிடைத்தது. வெறும் பிச்சையோட்டை வைத்துக்கொண்டே அவன் தொடங்கிவிட்டான். பேணுவார் அற்றவனே பேணுவார் அற்றவரைத் தேடிச் சென்றான் என்ற இடத்தில் யாம் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தது உண்டு.

இளைஞருக்கு யாம் கூறுவது இது. மாமனோடு சண்டை வேண்டாம். அவரும் தம் மைத்துனரை இழந்தவர். கோபம் பாதி, துயரம் பாதி. பதினாறாம் நாள் அவரை மரியாதையோடு அழையுங்கள். அன்று காலை உங்கள் வீட்டில் நாம் கூடுவோம். திரிசரண பஞ்சசீலம் ஓதுவோம். உங்கள் தந்தையார் பெயரைச் சொல்லிப் புண்ணியம் பகிர்வோம். வட்டிக்கு வாங்க வேண்டாம். சங்கத்தார் அரிசி தருவர். அவர் படுத்திருந்த மருத்துவமனை வார்டில் துணையின்றிக் கிடக்கும் நோயாளிகளுக்கும் அவர்களோடு வந்தோர்க்கும் அன்றைய மதிய உணவு செல்லட்டும். இதுவும் புதிதன்று. இலங்கையில் ஏழாம் நாள் தானம் கொடுக்கும் வழக்கத்தை அறிவோம். இந்நகரத்து விக்டோரியா மருத்துவமனையில் தீக்காயம் பட்டோர்க்கென உள்ள பிரிவு மகாபோதியின் பெயரைத் தாங்கி நிற்பதையும் பார்த்திருக்கிறோம்.

அது ஒரு நாள் வேலை. மறுநாளுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் தந்தையார் வேலை செய்த பட்டறையில் இன்றும் கல் அறுப்போர் உளர். அவர்களுள் இருமுவோரும் உளர். அந்த இருமலின் முதல் ஓசை எப்படி இருக்கும், மாடிப்படி ஏறும்போது மூச்சு எவ்வாறு திணறும், எடை எப்படிக் குறையும் என்பதை 14 மாதம் பார்த்த கண் இந்தச் சங்கத்தில் உங்களுக்கு ஒருவர்க்கே உண்டு. யாம் சென்று சொன்னால் பிரசங்கம் என்பர். நீங்கள் சென்று சொன்னால் கேட்பர். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்கும் காசநோய் மாத்திரைக்கும் பணம் இல்லை. ஆயினும் ஒருநாள் கூலி போய்விடுமே என்று அஞ்சி அவர்கள் போவதில்லை. கூட ஒருவர் வந்தால் போவர். அறுக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுத்தால் தூசி பெரிதும் அடங்கும் என்பதையும் அவர்களுக்கும் முதலாளிக்கும் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாக வைத்தது. முக்கால் நூற்றாண்டுக்கு முன் எழுத்தில் வந்தது நம் பட்டறைத் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, தந்தை விட்டுச் சென்றதற்குத் தகுதியுடையவனாக நடத்தல் என்ற நான்காம் கடமையுள் அடங்கும் என்றே கருதுகிறோம். துணைக்கு யாமும் வருவோம்.

அன்பர்களே, இன்னொன்று. நம் சங்கத்தின் மூத்த உபாசிகை ஒருவர் பக்கவாதத்தால் படுத்து மூன்று வாரங்கள் ஆகின்றன. மகள் பகலில் வேலைக்குச் சென்று வருவதால் இரவெல்லாம் விழித்திருக்க அவரால் இயலவில்லை. இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் முதுகில் புண் வந்துவிடும். இரவு 9 மணி முதல் 1 மணி வரை ஒருவர், 1 மணி முதல் 5 மணி வரை ஒருவர் என்று வாரத்திற்கு 14 முறை வருகிறது. இதுவரை 8 முறைகளுக்கே பெயர் வந்துள்ளது. மீதமுள்ள ஆறுக்கும் சகோதரிகள் எவரேனும் இன்று புறப்படுமுன் செயலாளரிடம் பெயர் கொடுத்துச் செல்லுமாறு வேண்டுகிறோம். ஆடவர், அவர்களை அழைத்துச் சென்று மீண்டும் வீட்டில் கொண்டுவந்து விடும் பொறுப்பை ஏற்கட்டும்.